பத்தாவது பிராணி

எங்கள் மீஞ்சூரில் முன்பெல்லாம் ராத்திரி என்று ஒன்று இருந்தது. சூரியன் போனதும் வரும். கறுப்பாக இருக்கும். இப்போது அதைக் காணோம். அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலைய விளக்குகள், காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுக விளக்குகள், நடுவில் வரிசையாக லாரிகளின் ஹெட்லைட். மொட்டை மாடியில் நின்றால் நடுநிசியில் பஞ்சாங்கம் படிக்கலாம். படித்து, இன்றைக்கு அமாவாசை என்று தெரிந்துகொள்ளலாம்!

இப்படிப்பட்ட ஊரில், பட்டப்பகலில் சொந்தமாக ஒரு ராத்திரி தயாரித்து வைத்திருப்பவன் என் மைத்துனன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் காலை லோக்கலில் வந்து இறங்குவான். இட்லியைக் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிடுவான். அப்புறம் அறைக்குள் போய்விடுவான். ஜன்னல் பூராவும் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறது. கதவிடுக்கில் பழைய போர்வை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. குக்கருக்குக் கூட விசிலடிக்கத் தடை. சட்னி வேண்டுமென்றால் அம்மிதான். என் மனைவிக்குத் தம்பிப் பாசம் அதிகம். எனக்கு அம்மி அரைத்துக் கை வலி அதிகம்.

போன கோடை விடுமுறையில் மகளை ஒரு பெரிய மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே 'இரவு விலங்குகள் இல்லம்' என்று போர்டு. உள்ளே நுழைந்தால் கும்மிருட்டு. கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெளிச்சம். எனக்கு முன்னால் போனவரின் முதுகைத் தவிர வேறு எந்தப் பிராணியும் தெரியவில்லை. ஒருவர் கண்ணாடியை 'டக் டக்'கென்று தட்டுகிறார். இன்னொருவர் செல்போன் டார்ச்சை உள்ளே அடிக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஒண்ணுமே இல்லப்பா, வா போலாம்."

என் ஏழு வயது மகள் மட்டும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்: "அப்பா, இது மாமா ரூம்!"

நான் பி.காம். விலங்கியலுக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், கல்லூரியில் அந்த டிபார்ட்மெண்ட் நிழலில் சைக்கிள் நிறுத்தியதுதான். ஆனாலும் குழந்தை சொன்னது மண்டையைக் குடைந்தது. விசாரித்துப் பார்த்தால், நூற்றுக்கு நூறு சரி.

இரவுப் பிராணிகள் பகலில் தூங்கும். மிருகக்காட்சி சாலைக்கு ஜனங்கள் வருவதோ பகலில். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, மூலையில் சுருண்ட ஒரு உரோம மூட்டையைப் பார்த்துவிட்டுப் போக யாருக்குப் பிடிக்கும்? அதனால் ஒரு உபாயம் பண்ணினார்கள். கட்டடத்துக்குள்ளே இரவையும் பகலையும் மாற்றிவிடுவது. கேட் மூடியதும் உள்ளே பளிச்சென்று விளக்குப் போடுவார்கள். பிராணி 'விடிந்துவிட்டது' என்று தூங்கப் போகும். காலையில் விளக்கைப் படிப்படியாகக் குறைத்து நிலா வெளிச்சம் மாதிரி ஆக்குவார்கள். பிராணி 'பொழுது சாய்ந்தது' என்று எழுந்து உலாவும். பல இரவுப் பிராணிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. அதனால் சில இடங்களில் மங்கலான சிவப்பு விளக்கு.

அப்படியும் நமக்கு ஏன் ஒன்றும் தெரிவதில்லை? வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால் மனிதக் கண் முழுதாகப் பழகுவதற்கு இருபது, முப்பது நிமிஷம் பிடிக்கும். நாம் உள்ளே இருப்பதோ இரண்டு நிமிஷம். பிராணி இருக்கிறது. நமக்குத்தான் கண் இல்லை.

நியூயார்க்கில் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலை 1969-ல் 'இருள் உலகம்' என்று ஒரு பெரிய கட்டடத்தையே இதற்காகத் திறந்தது. 2009-ல் நிதி நெருக்கடி என்று மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 2025-ல். இருட்டை உண்டாக்கவும் காசு வேண்டியிருக்கிறது! பி.காம் படித்தவனுக்கு இது உடனே புரியும். சிங்கப்பூர்க்காரர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். பிராணியின் ராத்திரியை மாற்றாதே, ஜனங்களை ராத்திரியில் வரச்சொல் என்று 1994-ல் 'நைட் சஃபாரி' திறந்தார்கள். அதற்கு ஆலோசகராக இருந்தவர் இலங்கைக்காரர், கொழும்பு தெஹிவளை மிருகக்காட்சி சாலையை நடத்திய லின் டி அல்விஸ். நம் ஊரில் வண்டலூரிலும் ஹைதராபாத் நேரு விலங்கியல் பூங்காவிலும் கட்டியது முதல் வகை, அதாவது இரவு விலங்குகளுக்கென்று தனி இல்லம்.

இவ்வளவும் விசாரித்து வைத்தது வீண்போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். 'நீ ஒரு மிருகக்காட்சி சாலை வைத்தால்...' என்ற தலைப்பில் பத்துப் பிராணிகள். என் மகள் இரவு விலங்குகள் இல்லத்தைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிஷத்தில் பட்டியல் போட்டுவிட்டாள்:

1. புலி 2. சிங்கம் 3. வௌவால் 4. ஆந்தை 5. தேவாங்கு 6. மின்மினி 7. பேய் 8. எறும்புத்தின்னி 9. முள்ளம்பன்றி 10. மாமா.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக் குழு கூடியது. நான் தலைவர். மைத்துனன் அனுபவஸ்தர் என்ற முறையில் சிறப்பு அழைப்பாளர். என் மனைவி கேசரி.

புலியும் சிங்கமும் முதல் சுற்றிலேயே அவுட். ராத்திரி வேட்டையாடும் என்றாலும் பகலிலும் கண்ணுக்குத் தெரிகிற உருவம். ஓடியாட விசாலமான இடம் வேண்டும். அதைக் கொண்டுபோய் இருட்டறையில் அடைப்பானேன்? திறந்தவெளியில் பார்க்கவே முடியாத சின்னப் பிராணிக்குத்தான் இந்த இல்லம். அதுதான் முதல் விதி.

மின்மினியும் அவுட். சிறகு முளைத்து மினுக்க ஆரம்பித்தபின் அதன் ஆயுசு சில வாரம்தான். டிக்கெட் அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

எறும்புத்தின்னி, அதாவது அழுங்கு. இதை நீக்க எனக்கே மனசில்லை. உடம்பெல்லாம் செதில், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனதுதான். அதை மருந்து என்று நம்பி உலகம் பூராவும் வேட்டையாடுகிறார்கள். 2016-ல் அதன் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்ய நாடுகள் கூடித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. வாயில் ஒரு பல் கிடையாது. எறும்பும் கறையானும்தான் ஆகாரம். தினம் அதற்கு எறும்புக்கு எங்கே போவது? ஒடிசாவில் நந்தன்கானனில் இதற்கென்றே இனப்பெருக்க மையம் வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்களிடம் இருக்கட்டும் என்று விட்டோம். இரண்டாவது விதி: தீனி போட முடியாததைக் கூண்டில் போடாதே.

"எங்க சக்கரை டப்பாவுல இருக்கிற எறும்பே போதும்" என்றாள் மனைவி. குறிப்பேட்டில் ஏற்றப்படவில்லை.

பேய்? "எங்க கொள்ளுப்பாட்டி வீட்டுப் பரண்ல இருந்துச்சாமே" என்று மகள் வாதாடினாள். வாஸ்தவம். என் பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் ராத்திரி 'தடதட'வென்று ஓடும். வேப்பிலை கட்டினார்கள். மந்திரித்தார்கள். கடைசியில் ஓடு மாற்றும்போது வெளியே வந்தது ஒரு மரநாய். பழம் தின்னும், பனைமரத்தில் கள் குடிக்கும், பரணில் குடித்தனம் நடத்தும். பேயை அடித்து மரநாய் என்று எழுதினோம்.

வௌவாலில் ஒரு சிக்கல். ஆலமரத்தில் துணி காயப்போட்ட மாதிரி தொங்குமே பெரிய பழந்தின்னி, அது பகலில் வெட்டவெளியிலேயே தொங்குகிறது. அதற்கு எதற்கு இருட்டறை? குட்டை மூக்குப் பழ வௌவால் என்று சின்ன ஜாதி உண்டு. ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்தின் தண்டுகளைக் கடித்துக் கூடாரம் கட்டும். வீடு கட்டிவிட்டுத்தான் பெண் கேட்கும்! வாழைப்பழமும் கொய்யாவும் போதும். அதைச் சேர்த்தோம். ஆனால் ஒன்றாக அல்ல, கூட்டமாக.

ஏன் கூட்டம் என்பதற்கு மதுரையில் பதில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி இருந்தார். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர். அவரும் மாணவர்களும் வெளிச்சமே புகாத குகையில் பூச்சி தின்னும் வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சுற்றி மற்ற வௌவால்கள் போய் வந்துகொண்டிருந்தவரை, கூண்டிலிருந்ததும் சூரியனைப் பார்க்காமலே சரியான நேரத்துக்கு எழுந்தது. கூட்டம் இல்லாவிட்டால் அதன் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. 1981-ல் இதை வெளியிட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் ஜன்னல், கடிகாரம் எதுவுமில்லாத அறையில் தங்கவைத்து ஆராய்ந்தார்கள்.

"இப்பவும் அந்த ரூம் காலியா இருக்குமா மாமா?" என்று கேட்டான் மைத்துனன். என்னை அவன் மாமா என்பான், என் மகள் அவனை மாமா என்பாள். எங்கள் வீட்டில் 'மாமா' என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்ப மாட்டோம்.

முள்ளம்பன்றி பாஸ். முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்பது கட்டுக்கதை. எதிரி மேல் பட்டால் கழன்று குத்திக்கொள்ளும், அவ்வளவுதான். பல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். மரக்கதவு வைத்தால் இரண்டு நாளில் ஜன்னலாக்கிவிடும்.

ஆந்தையில் கூகையை எடுத்தோம். அதற்கு ஒரு காது மேலே, ஒரு காது கொஞ்சம் கீழே. ஒலி வரும் வித்தியாசத்தை வைத்தே கன்னங்கரேல் இருட்டில் எலியைப் பிடித்துவிடும். ஆனால் காட்டிலிருந்து பிடித்து வரக்கூடாது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. இறக்கை ஒடிந்து, இனிமேல் பறந்து பிழைக்க முடியாத கூகைக்குத்தான் இடம்.

கடைசியாகத் தேவாங்கு. நாம் ஒல்லியானவனைத் திட்ட வைத்திருக்கும் பெயர். சுமார் கால் கிலோ எடை, முகம் பூராவும் கண். பில்லி சூனியத்துக்கென்று பிடித்துப் பாடாய்ப் படுத்துகிறார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் தமிழக அரசு 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். காட்டில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். திரும்ப அனுப்ப முடியாதபடி மீட்கப்பட்ட ஒன்றிரண்டு வந்தால், கூகையின் அலறல் கேட்காத, மரநாயின் வாடை வராத மூலையில் வைக்கலாம் என்று தீர்மானம் எழுதினேன். தன்னைத் தின்னக்கூடியதன் பக்கத்தில் யாருக்குத் தூக்கம் வரும்?

அதுவரை கேசரியைக் கிளறிக்கொண்டிருந்த மைத்துனன் நிமிர்ந்தான்.

"மாமா, அந்தத் தேவாங்குக்கு வாராவாரம் ஷிஃப்ட் மாத்துவாங்களா?"

"சேச்சே. ஒரே நேரத்துக்கு விளக்கு அணையணும், ஒரே நேரத்துக்கு எரியணும். காட்சி சாலைக்கு லீவுன்னாலும் விளக்குக்கு லீவு கிடையாது. மாத்திக்கிட்டே இருந்தா ஒழுங்கா சாப்பிடாது, குட்டி போடாது."

"அதுக்கு இருக்கிற யூனியன் நமக்கு இல்லை" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் பொன்னேரியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜிக்கும் காபிக்கும் நடுவில் மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டுவிட்டான். ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவன். 'பையனுக்கு ஏதோ சீக்கு போல' என்று சொல்லியனுப்பினார்கள். சீக்கு ஒன்றும் இல்லை. அந்த வாரம் அவன் உடம்புக்கு அது நடுநிசி. அடுத்த வாரம் நடுநிசி வேறு இடத்துக்குப் போய்விடும். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி டைம் ஆபீசுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

மொத்தம் தேறியது ஐந்து: வௌவால், கூகை, மரநாய், முள்ளம்பன்றி, தேவாங்கு. பத்து கேட்டதற்கு ஐந்து எழுதியதால் பத்துக்கு ஐந்து மார்க். டீச்சர் என்னைவிடக் கணக்கில் கறார்.

பத்தாவது பிராணியை மட்டும் என் மகள் கடைசிவரை அடிக்க மறுத்தாள். நான்தான் 'மனிதர்களை வைக்கச் சட்டத்தில் இடமில்லை' என்று சொல்லி ரப்பரால் அழித்தேன்.

அடுத்த ராத்திரி ஷிஃப்ட் வாரம். காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். மைத்துனன் அறைக் கதவில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. கோணல் மாணலாக, ஸ்கெட்ச் பேனாவில்:

'இரவு விலங்குகள் இல்லம். தட்டக்கூடாது. டார்ச் அடிக்கக்கூடாது.'

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'எழுந்ததும் கேசரி கொடுக்கவும்.'

அது என் மகளின் கையெழுத்து இல்லை.