கட்டத்துக்குள் கரிசல்

(கட்டமும் எழுத்தும் – 9)

‘செல்வத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால் ரமணர் பிறந்த ஊர் (5).’

இந்தக் குறிப்புக்கு விடை கண்டுபிடிக்க ரமணர் பிறந்த ஊர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செல்வம் என்றால் திரு. பூஜ்யத்துக்குத் தமிழில் சுழி. இரண்டையும் சேர்த்தால் நடுவில் ‘ச்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திருச்சுழி. ஐந்து கட்டத்துக்கு ஐந்து எழுத்து. 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற ரமணர் அங்கே பிறந்த செய்தியைப் படித்தவருக்கு விடை உறுதிப்படும். படிக்காதவருக்கு விடையோடு செய்தியும் கிடைக்கும்.

வெறும் பொருள் மட்டும் கேட்கிற குறுக்கெழுத்தைப் போன வாரம் பார்த்தோம். ‘மன்னன் (4)’ என்று போட்டுவிட்டு, அரசனா வேந்தனா என்று நம்மைத் தவிக்கவிடுகிற ரகம் அது. இந்த வாரம், சொல்லை உடைத்தும் ஒட்டியும் கேட்கிற ரகம். அதிலும், எல்லா விடையும் ஒரே மண்ணிலிருந்து வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. நான் எடுத்துக்கொண்டது அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமி. இங்கே வரும் குறிப்புகளெல்லாம் இந்த வாரத்துக்காக நானே கட்டியவை. திட்டுவதானால் என்னையே திட்டலாம்.

‘குண்டு அரை டஜன், தண்ணீர் மட்டும் எப்போதாவது (4).’ திருச்சுழியை ஒட்டி ஓடுகிற, அல்லது மணலாகக் கிடக்கிற, குண்டாறு. குண்டு, ஆறு என்று பிரித்துவிட்டால் ஆற்றை எண்ணாக்கிவிடலாம். அதற்குக் குறுக்கே மேலிருந்து கீழாக இன்னொன்று: ‘பார்வையே, அழிந்துபோ! ஊருக்குத் தண்ணீர் வரட்டும் (4).’ கண், மாய், சேர்த்தால் கண்மாய். குண்டாறுக்கும் கண்மாய்க்கும் இரண்டாவது எழுத்து ‘ண்’ என்பதால் இரண்டும் அந்த ஒரே கட்டத்தில் சந்திக்கும். ஆறும் கண்மாயும் சந்தித்தால்தான் அந்தச் சீமையில் வெள்ளாமை. கட்டத்துக்குள்ளாவது சந்திக்கட்டும்.

‘‘கல் சரி’ என்றதைக் கிளறினால் கரிய மண் (4).’ க, ல், ச, ரி. இடம் மாற்றி அடுக்கினால் கரிசல். அதன் கடைசி ‘ல்’லில் மேலிருந்து ஒரு சொல் இறங்குகிறது: ‘ரசத்தில் போட்டாலும் கொண்டையில் வைத்தாலும் மணக்கும் (3).’ மல்லி. கரிசலில் மானாவாரியாக விதைப்பது கொத்தமல்லி, சரமாகத் தொடுப்பது மல்லிகை. பேச்சில் இரண்டும் மல்லிதான். போதாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே மல்லி என்றே ஓர் ஊர் இருக்கிறது. மூன்றையும் ஒரே குறிப்பில் திணிக்கப் பார்த்தேன். வாக்கியம் நொண்டியதால் ஊரை விட்டுவிட்டேன்.

‘ஆள் பருத்திருந்தாலும் உள்ளே பஞ்சுதான் (4).’ விடையை எங்கும் தேட வேண்டாம், குறிப்புக்குள்ளேயே ‘பருத்தி’ ஒளிந்திருக்கிறது.

இந்த வித்தைகளை வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கட்டம் அவனுடையதுதான். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளேட்டின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் வெளியிட்டது முதல் புதிர். அதை வைர வடிவில் கட்டியிருந்தார். பொருளை மறைத்துச் சொல்லை வளைக்கும் கெடுபிடியான புதிரை 1926 முதல் லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் பாவிஸ் மேதர்ஸ் வளர்த்தெடுத்தார். ஆனால் வித்தை நம்மிடம் முன்பே இருந்தது. தண்டியலங்காரமும் அதன் உரையும் தரும் சித்திரகவிப் பட்டியலைப் பாருங்கள். ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளித்துவைத்தால் கரந்துறைபாட்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகக் களைந்து புதுப்புதுப் பொருள் காட்டினால் அக்கரச்சுதகம். தலைகீழாகப் படித்தாலும் அதுவே வந்தால் மாலைமாற்று. நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் கண்டால் மாத்திரைச் சுருக்கம். ‘இளைத்த மாடு ஆற்றில் பள்ளமாகும் (2)’ என்று நான் எழுதினால் அது மாத்திரைச் சுருக்கமே: மாடு, மடு. சிலேடைக்குக் காளமேகம் இருக்கிறார், அவரைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

அருப்புக்கோட்டைக்கு வருவோம். எட்டு எழுத்து. மல்லிகை அரும்பால் ‘அரும்புக்கோட்டை’ என்று வந்தது பிறகு அருப்புக்கோட்டை ஆயிற்று என்பார்கள். பெயர்க் காரணம் உண்மையோ பொய்யோ, புதிர் கட்டுகிறவனுக்கு அது வரம். மெல்லின ‘ம்’ வல்லின ‘ப்’ ஆவதை நன்னூல் ‘வலித்தல்’ விகாரம் என்கிறது. ஆகவே என் குறிப்பு: ‘மொட்டுக்கு வலித்த பிறகு அரண், தறிச் சத்தம் கேட்கும் (8).’ இலக்கணம் படித்தவர் ‘வலித்த’ என்ற இடத்தில் சிரிப்பார். படிக்காதவர் கோட்டையைப் பிடித்து, தறியைப் பிடித்து, ஊருக்கு வந்துசேர்வார். இரண்டு வழியும் ஒரே ஊருக்கு வர வேண்டும், அதுதான் நல்ல குறிப்பு.

இந்த எட்டு எழுத்தைக் கட்டத்தில் எழுதிவைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகச் சொற்களைத் தொங்கவிடப் பாருங்கள். அ, ரு, ப், பு, க், கோ, ட், டை. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. ப், க், ட் மூன்றும் போயின. ரகரத்திலும் டகரத்திலும் தொடங்காது, ‘ருசி’, ‘டைரி’ என்று இரவல் வாங்கினால் ஒழிய. ஆக எட்டுக் கட்டத்தில் மூன்றில்தான், அ, பு, கோ என்பவற்றில்தான், சொல் தொடங்க முடியும். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியவும் முடியாது. எனவே ப், க், ட் மூன்றையும் நடுவில் தாண்டித்தான் சொல் இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்து; ஏதோ ஒன்று எங்கோ பொருந்திவிடும். நமக்கு 247. நம் வார இதழ்ப் புதிர்களில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்றும் குறிப்புகள் வருவது இந்த நெருக்கடியால்தான் என்பது என் கட்சி.

ஆனால் கட்டுகிறவனுக்குத் தொல்லையாக இருக்கும் இலக்கணம் விடுவிப்பவருக்கு இலவசத் துப்பு. ஒரு கட்டத்தில் ‘க்’ விழுந்துவிட்டதா? அடுத்தது கட்டாயம் ககர வரிசை எழுத்துதான். ச், த், ப் மூன்றுக்கும் அப்படியே, தன் இனத்தைத் தவிர வேறெதனோடும் சேராது. பக்தியும் சக்தியும் வடக்கிலிருந்து வந்தவை, அவற்றை மட்டும் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ட்’, ‘ற்’ விழுந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நட்பு, வெட்கம் என்று பிற வல்லினமும் பின்னால் வரும்.

ஒரே கருப்பொருளைச் சுற்றி எல்லா விடையையும் நிறுத்துவதற்கு நான் பார்த்த அழகான உதாரணம் குறுக்கெழுத்தே அல்ல. திருச்சுழிக்காரர் செய்தது அது. திருவண்ணாமலையில் தாயார் அழகம்மாள் அப்பளம் இடக் கைவேலைக்குக் கூப்பிட்டபோது ரமணர் ஒரு பாட்டை எழுதிக் கொடுத்தார். ‘அப்பளப் பாட்டு’ என்று பெயர். மேலே படித்தால் சமையல் குறிப்பு: உளுந்தை உடைக்க வேண்டும், பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் சேர்க்க வேண்டும், இடிக்க வேண்டும், பொரிக்க வேண்டும். உள்ளே அத்தனையும் வேதாந்தம். நான் என்கிற அகந்தை உளுந்து. நல்லோர் இணக்கம் பிரண்டைச் சாறு. பெருங்காயத்துக்கு அவர் கொடுத்த பொருள் வாசனை: மூக்குக்கு எட்டும் மணமும் அதுதான், பிறவி தோறும் தொடர்கிற மனப்பதிவும் அதுதான். உப்புக்கு உபரதி, அதாவது புலன் ஓய்தல். ‘உப’வைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் உப்பு வந்துவிடுகிறது! அடுப்பங்கரையை விட்டு ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. அவருடைய அட்சரமணமாலையின் 108 கண்ணிகளும் அகர வரிசையில் நடக்கின்றன. தலைப்பிலுள்ள ‘மணம்’ வாசனையா கல்யாணமா என்று கேட்டால் இரண்டும்தான். கட்டம் போடத் தெரியாமல் இல்லை அவருக்கு, தேவைப்படவில்லை.

குறுக்கெழுத்துக்கு நம் நாட்டில் ஒரு கெட்ட பெயரும் உண்டு. 1930-களில் ஆனந்த விகடனின் குறுக்கெழுத்துப் போட்டி தமிழ்நாட்டையே பிடித்து ஆட்டியது. நாடெங்கும் இதைத் தொழிலாகவே நடத்தியவர்கள் இருந்தார்கள். ஒரே குறிப்புக்கு இரண்டு சொல் பொருந்தும். எது சரி என்பது உறையில் ஒட்டிவைத்த விடைத்தாளுக்குத்தான் தெரியும். அது புதிர் இல்லை, சூது. 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும், ஒரு போட்டிக்கு வந்துசேரும் விடைத்தாள்கள் இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தி, திறமையைக் கோரும் போட்டியை அது கட்டுப்படுத்தாது என்றும் பிரித்துக் காட்டியது. சொல்விளையாட்டுப் புதிர் திறமையின் பக்கம் நிற்பது. அதற்கு உறை வேண்டாம். திரு, சுழி இரண்டும் சேர்ந்த பிறகு வேறு விடைக்கு இடமே இல்லை, சரிபார்க்கிற வேலையையும் குறிப்பே செய்துவிடுகிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் இந்த வகைப் புதிர்களைத் தமிழில் பல ஆண்டுகள் கட்டிக் காட்டியிருக்கிறார். இங்கே உள்ள இதழ்கள் இன்னும் பொருள் கேட்பதோடு நின்றுவிடுவது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். சரக்குக்குப் பஞ்சமா என்ன? கரிசல் வட்டாரச் சொற்களை மட்டுமே திரட்டி 1982-ல் கி. ராஜநாராயணன் ஓர் அகராதி கொடுத்திருக்கிறார்.

உங்கள் ஊரையும் பக்கத்துக் கிராமங்களையும் ஒரு தாளில் எழுதி, உடைத்துப் பாருங்கள். உருப்படியாக ஒரு குறிப்பு தேறினால் ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் இதை விடுவியுங்கள்: ‘தந்திரக்கார விலங்கே, பருகு! விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் இறங்கலாம் (5).’ விடை அடுத்த வாரம்.