காந்தள் குடும்பம்: வகைப்பாடும் பரவலும் – கொல்லிமலையை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கொல்லிமலை அமைந்துள்ளது. வல்வில் ஓரியின் மலையாகச் சங்க இலக்கியம் போற்றும் இம்மலையின் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் மழைக்காலத்தில் செங்காந்தள் பூக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய இது, கோல்சிகேசி என்னும் சிறிய தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்தின் வகைப்பாட்டையும் பரவலையும் விளக்கி, இலக்கியப் பெயராய்வுக்கு அவை தரும் துணையைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகைப்பாடு

செங்காந்தளுக்குக் குளோரியோசா சுபெர்பா என்னும் பெயரை லின்னேயஸ் 1753இல் வழங்கினார். பெந்தம், ஹூக்கர் ஆகியோரின் முறையைப் பின்பற்றிய நூல்கள் இதனை அல்லிக் குடும்பமாகிய லிலியேசியில் அடக்கின. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அவ்வாறே கொண்டது. பூவமைப்பின் பொது ஒற்றுமையே அதற்கு அடிப்படை. பின்னர் மரபணு வரிசை ஒப்பீட்டின்வழி அப்பெருங்குடும்பம் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. 1998 முதல் வெளிவரும் ஏபிஜி வகைப்பாடு கோல்சிகேசியைத் தனிக் குடும்பமாகவே ஏற்கிறது. இதில் ஏறத்தாழ 15 பேரினங்களும் 280க்கு மேற்பட்ட சிற்றினங்களும் உள்ளன.

வேதியியலும் இப்பிரிவுக்குச் சான்றாகிறது. கோல்சிசின் வகை நச்சுக்காரப் பொருள்கள் இக்குடும்பத்திற்கே சிறப்பாக உரியவை. மேலும், அல்லிப் பேரினத்திற்குச் செதில்களாலான குமிழ் உண்டு. காந்தளுக்குக் கலப்பை வடிவக் கிழங்கே உண்டு. கலப்பைக் கிழங்கு என்னும் நாட்டுப்பெயர் இவ்வேறுபாட்டை முன்னரே உணர்த்தி நிற்கிறது.

பரவல்

ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் இக்குடும்பம் இயற்கையாகப் பரவியுள்ளது. தென் அமெரிக்காவில் இல்லை. குளோரியோசா ஆப்பிரிக்காவிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்கிறது. இந்தியப் புல்வெளிகளில் வளரும் இஃபிஜீனியா இண்டிகாவும், மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் வளரும் டிஸ்போரமும் இதன் உறவினங்கள்.

கீல்வாத மருந்தாகிய கோல்சிசினுக்காகத் தமிழ்நாட்டில் செங்காந்தள் விதை பயிர்முறையில் பெறப்படுகிறது. காட்டில் கிழங்கை அகழ்ந்தால் அச்செடியின் மறுஆண்டுத் தளிர்ப்பு அற்றுப்போகும். விதையைக் கொய்தால் கிழங்கேனும் எஞ்சும். எனவே எவ்வுறுப்பு எடுக்கப்படுகிறது என்பது மலைச் செடியின் நிலைபேற்றைத் தீர்மானிக்கிறது.

இலக்கியப் பெயர்கள்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியல் காந்தளில் தொடங்குகிறது. அதே பட்டியலில் தோன்றி, கோடல் என்பனவும் தனித்தனியே இடம்பெறுகின்றன. தோன்றியைச் செங்காந்தள் எனவும் கோடலை வெண்காந்தள் எனவும் பொருள்கொள்வது மரபு. செங்காந்தளின் இதழ்கள் விரியும்போது பசுமையும் மஞ்சளும் கலந்திருந்து, நாள்பட முற்றும் சிவக்கின்றன. ஆகவே நிறவேறுபாடு மட்டும் சிற்றின வேறுபாட்டை நிறுவாது. ஆயினும் புலவர் மூன்றையும் தனித்து எண்ணியதால், மூன்றும் ஒன்றே எனக் கொள்ளவும் இயலாது. இந்நிலையில் மூன்று பெயருக்கும் குளோரியோசா சுபெர்பா என்றே எழுதிச் செல்வது, பட்டியல் காட்டும் வேறுபாட்டை அழித்துவிடும்.

முடிவுரை

காந்தள் அல்லிக் குடும்பத்தினது அன்று, கோல்சிகேசியினது. காந்தள் என்னும் பெயருக்குக் குளோரியோசா சுபெர்பா பொருந்துகிறது. தோன்றி, கோடல் ஆகியவற்றிற்கு அறிவியற்பெயர் இடுமுன் பாடலின் திணை, பருவம், பூவின் வடிவம் ஆகியவற்றைக் களத்தாவரத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். கொல்லிமலை போன்ற குறிஞ்சி நிலங்கள் அவ்வொப்பீட்டிற்கு உரிய களங்களாகும்.