எந்தக் கதவைச் சாத்துவது?

‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல் கொரோனாவுக்குப் பிறகு மளிகைக் கடை வரைக்கும் வந்துவிட்டது. சத்துமாவு டப்பாவிலும் தேன் பாட்டிலிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. அது ஏதோ தொட்டியில் நிற்கும் தண்ணீர் என்பது போலவும், குறைந்தால் கஷாயமோ டானிக்கோ ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம் என்பது போலவும் நமக்கு ஒரு நினைப்பு. பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு முதல் கெடுதல் இந்த நினைப்பால்தான் வருகிறது. உடம்பின் காவல் என்பது ஒரே பொருள் இல்லை. கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள் தனி, அவற்றைச் செய்கிற பி செல்கள் தனி, மற்றவற்றை ஏவி நடத்தும் டி செல்கள் தனி, கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளை அணுக்கள் தனி. ஒரு மரபணுப் பழுது இவற்றில் ஏதோ ஒன்றை முடக்கிவிடும். இப்படி 450க்கு மேற்பட்ட வகைகளை மருத்துவம் இன்று பிரித்தறிந்திருக்கிறது. பெற்றோர் பயப்படக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் எல்லையும் வேண்டும் என்கிறேன். ஆபத்து எந்தக் கதவு வழியாக வரும் என்று தெரிந்தால்தான் அதைச் சாத்த முடியும். மற்றக் கதவுகளைக் குழந்தைக்காகத் திறந்தும் வைக்க முடியும்.

பெயர் தெரிந்தால் என்ன மாறும் என்பதற்கு 1952ஆம் ஆண்டே சாட்சி. வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிகிச்சையில் இருந்தான். நான்கு ஆண்டுகளில் 19 முறை கிருமி ரத்தத்தில் பரவிப் படுக்கையில் விழுந்தவன். மருந்து கொடுத்தால் எழுந்துவிடுவான், மறுபடி விழுவான். ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை அப்போது புதிது. அதைச் செய்து பார்த்தபோது, எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய காமா குளோபுலின் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறருடைய ரத்தத்திலிருந்து எடுத்த அதே புரதத்தைப் புரூட்டன் மாதாமாதம் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். அவன் படுக்கையில் விழுவது நின்றது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் இந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பெயரே புரூட்டன் பெயர்தான். இந்தக் குழந்தைகள் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாக அம்மா கொடுத்தனுப்பிய எதிர்ப்புப் புரதம் அதுவரை காக்கும். அது கரைந்த பிறகு காதில் சீழ், நெஞ்சில் சளி, நிமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அது பல் முளைக்கிற பருவமும் ஆகையால் வீட்டில் எல்லோரும் பல்லின் மேல் பழியைப் போடுவார்கள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால், தொண்டையின் இருபுறமும் இருக்கவேண்டிய டான்சில் சதையே இருக்காது. ஒரு நிமிட வேலை அது. பலருக்கு அந்த ஒரு நிமிடம் வருவதற்குள் ஆண்டுகள் போய்விடுகின்றன.

சாதாரணச் சளியைப் பார்த்துக் கலங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பால்வாடிக்குப் போகும் ஆரோக்கியமான குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, திரும்பத் திரும்பக் காதில் சீழ், ஆழத்தில் கட்டி, ஒரு வயதுக்குப் பிறகும் ஆறாத வாய்ப்பூஞ்சை, எடை ஏறாமை, குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோன கைக்குழந்தை: கேள்வி கேட்க வைக்க வேண்டியவை இவை.

வகைக்கு வகை கதவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். புரூட்டன் வகைக் குழந்தையின் உடம்பு பூஞ்சையைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். சாதாரண வைரஸ்கள் பலவற்றையும் சமாளிக்கும். அவனுக்கு ஆபத்து நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா, குடல் வழியாகப் புகும் என்டிரோவைரஸ், கலங்கிய தண்ணீரில் வரும் ஜியார்டியா. ஆகவே அவன் வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். வைக்கோல் போரில் ஏறிக் குதித்தால் பெரிய கவலை இல்லை. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற வகையில் நிலைமை நேர் எதிர். அங்கே எதிர்ப்புப் புரதத்துக்குக் குறைவில்லை. வெள்ளை அணு கிருமியை விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. அந்தக் குழந்தை பக்கத்துப் பையனின் தும்மலைத் தாங்கிவிடும். மக்கிய இலைக் குப்பையைக் கிளறும்போதும், பழைய வைக்கோலை உதறும்போதும், இடித்த சுவரின் தூசியிலும் பறக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அதன் நுரையீரலில் குடியேறி உயிரை வாங்கிவிடும். உரக்குழி இருக்கும் கொல்லைப்புறம் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு மைதானம், இன்னொரு பிள்ளைக்குக் கால் வைக்கக் கூடாத இடம். இந்த இருவரின் பெற்றோரிடமும் ‘எதிர்ப்பு சக்தி கம்மி, ஜாக்கிரதையா பாத்துக்கோங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஒருவர் பிள்ளையைக் கூட்டத்திலிருந்து காப்பாற்றி உரக்குழியில் விட்டுவிடுவார். மூன்றாவது வகை ஸ்கிட். டி செல்களே இல்லாத, மிகக் கடுமையான குறைபாடு. இந்தக் குழந்தைக்குப் பிறந்த அன்றே ஆபத்து நம் கையாலேயே நேரலாம். நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி.யும் போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் வரமான அவை இந்தக் குழந்தையின் உடம்பில் நோயாகப் பரவக்கூடும். ரத்தம் ஏற்ற நேர்ந்தால்கூடக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். முன்பு ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்த தம்பதி, அடுத்த பிரசவத்தில் இந்தத் தடுப்பூசிகளைப் போடுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உயிர் போகிற விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஜாக்கிரதையாக இருந்தால்தான் என்ன, நாலு வருடம் வெளியில் விடாவிட்டால் குறைந்தா போய்விடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு உபதேசத்தால் பதில் சொல்ல முடியாது. டேவிட் வெட்டர் என்ற சிறுவனின் வாழ்க்கை பதில் சொல்லும். 1971 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தவன். அவன் அண்ணன் ஏழு மாதக் குழந்தையாக ஸ்கிட் நோயில் இறந்திருந்ததால், டேவிட் பிறந்த சில நொடிகளிலேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைக்கப்பட்டான். பால், துணி, பொம்மை, புத்தகம் எல்லாம் வாயுவில் கிருமி நீக்கப்பட்ட பிறகே உள்ளே போயின. பெற்றோர் அவனைத் தொட்டது கூடாரச் சுவரில் பதித்த கறுப்புக் கையுறை வழியாகத்தான். 1977இல் நாசா அவனுக்கென ஒரு விண்வெளி உடை செய்து கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவன் வெளியே நடந்தது ஒரு சில தடவைதான். 1983இல் அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினார்கள். சோதனையில் பிடிபடாத ஒரு வைரஸ் அதில் ஒளிந்திருந்து புற்றுநோயாக வளர்ந்தது. 1984 பிப்ரவரியில், 12 வயதில், அவன் இறந்தான். கூடாரத்துக்கு வெளியே கொண்டுவந்த அந்தக் கடைசி நாட்களில்தான் அம்மாவின் வெறுங்கை அவன் தோலில் முதன்முதலாகப் பட்டது.

அந்தப் பெற்றோரையோ மருத்துவர்களையோ குறை சொல்ல எனக்கு மனம் வராது. சரியான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கிடைக்கும்வரை சில மாதம் என்றுதான் கூடாரத்துக்குள் வைத்தார்கள். சிகிச்சை வரவில்லை, மாதங்கள் பன்னிரண்டு வருடங்களாயின. சுவர் அவனைக் கிருமியிலிருந்து காத்தது உண்மை. ஆனால் அந்தச் சுவர் அவனுக்கு ஒரு டி செல்லைக்கூடத் தரவில்லை. ஸ்கிட் குழந்தைக்கு இன்றும் தனிமை அவசியம்தான். அது மாற்றுச் சிகிச்சை வரைக்குமான காத்திருப்பு, அதற்கு முடிவுத் தேதி உண்டு என்பதே வித்தியாசம். வட அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைத் திரட்டி 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. மூன்றரை மாத வயதுக்குள் ஸ்டெம் செல் மாற்று செய்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, உடம்பில் தொற்று இருக்கும்போதே செய்தவர்களில் அது 50 சதவீதம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் பச்சிளம் குழந்தைகளின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் ஸ்கிட் சோதனையைத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. நம் ஊரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனை இன்னும் இல்லை. வீட்டில் கிருமிநாசினி தெளிப்பதைவிட, மருத்துவரிடம் ‘சாதாரண ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளை அணு) எண்ணிக்கை எவ்வளவு?’ என்று கேட்பது கைக்குழந்தையைக் காப்பாற்ற அதிகம் உதவும்.

எதிர்ப்புப் புரதம் இல்லாத குழந்தைக்கு வாழ்க்கை இம்யூனோகுளோபுலினைச் சுற்றி ஓடும். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்த மருந்து அது. எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். இருபது கிலோ பிள்ளைக்கு எட்டுக் கிராமாவது ஆகும். நரம்பு கிடைத்து ஊசி நின்ற பிறகு முதல் அரைமணி நேரம் சொட்டு மிக மெதுவாக விழ வேண்டும். வேகம் கூடினால் குளிரும், தலைவலிக்கும். மொத்தம் பல மணி நேரம். ஏற்றிய புரதம் சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். அடுத்த டோஸுக்கு முந்தைய நாட்களில் பிள்ளை துவளுவதையும் மூக்கு ஒழுகத் தொடங்குவதையும் கவனிக்கிற அம்மாக்கள் ஒன்றும் கற்பனை செய்யவில்லை. அதை நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் டோஸைக் கூட்டுவதா, இடைவெளியைக் குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க அதுவே ஆதாரம். 100.4 டிகிரியைத் தாண்டிய காய்ச்சலுக்கு நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாது என்பதும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நிலவேம்போ சத்துமாவோ இந்த இடத்தை நிரப்பாது. புரதத்தைச் செய்கிற செல்லே இல்லாத உடம்பில் எதைத் தூண்டிவிட முடியும்?

இதெல்லாம் மேல்நாட்டுக்குச் சரி, ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் உட்காரும் நம் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புவது என்ற தயக்கம் அடுத்தது. நெரிசல் நிஜம், தண்ணீரின் தரம் நிஜம். அதனால்தான் பொதுவான பயம் இங்கே இன்னும் உதவாது. எல்லாவற்றையும் தடுக்க முடியாத இடத்தில் எதைத் தடுப்பது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். மருந்து முறையாக ஏறுகிற புரூட்டன் வகைப் பிள்ளை பள்ளிக்குப் போகலாம், ஓடலாம், பந்து விளையாடலாம். வீட்டுத் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுக்கு முன் சோப்பு, வகுப்பில் அம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே வீட்டுக்குத் தகவல்: இவ்வளவு போதும். சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் எனக்குப் புரிகிறது. நோயெதிர்ப்புக் குறைபாடு என்றதும் எய்ட்ஸ் என்றுதான் பலர் காதில் விழுகிறது. இது பிறவிக் குறைபாடு, யாருக்கும் ஒட்டாது, மற்ற பிள்ளைகளிடமிருந்துதான் இவனுக்கு ஆபத்து என்று மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். மறைத்துவைத்தால் அம்மை வந்த அன்று தகவல் வராது. வீட்டிலும் ஒரு கதவு உண்டு. தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தால், அந்த உயிருள்ள வைரஸ் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறி இவனை அடையலாம். அவர்களுக்கு ஊசி வடிவப் போலியோ மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் என்ற பெரிய சுவரை எந்த வாதத்தாலும் தாண்ட முடியாது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை, மாற்றுச் சிகிச்சையால் குணமாகும் ஸ்கிட் போன்றவற்றையும் ஆயுள் முழுக்க இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் வகைகளையும் பட்டியலில் சேர்த்தது. உதவித்தொகையின் உச்சவரம்பு 2022இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஒருமுறை செய்து முடிக்கும் சிகிச்சைக்கு இது பேருதவி. மாதாமாதம் மருந்து ஏறவேண்டிய பிள்ளைக்கு, அவனோடு சேர்ந்து வளரும் செலவுக்கு, ஒரே தொகையை எல்லையாக வைப்பது பொருந்தவில்லை என்பதே என் கருத்து. பட்டியலில் இடம்பெறவும் முதலில் நோய்க்குப் பெயர் வேண்டும்.

பெயர் தெரிவதால் தீரும் இன்னொரு துன்பம் உண்டு. அதை மருத்துவக் கட்டுரைகள் பேசுவதில்லை. பிள்ளைக்குத் தொடர்ந்து முடியாமல் போனால் நம் வீடுகளில் விரல் முதலில் மருமகள் பக்கம் நீளும். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பெண்ணுக்கு மேல் சொந்தத்தில் மணமுடிப்பதால், ‘சொந்தத்துல கட்டினதால வந்தது’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். இருவரிடமிருந்தும் ஒரே பழுதடைந்த மரபணு வந்து சேரும் வகைகளுக்கு அது பொருந்தும். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிய தம்பதி அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை கேட்பது அவசியம். புரூட்டன் வகைக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை. அது அம்மாவின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில், அவளுக்கே தெரியாமல் இருப்பது. சில குடும்பங்களில் எந்தத் தலைமுறையிலும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. அவள் தின்றதாலோ தின்னாததாலோ வந்ததில்லை என்று அப்பாவின் வாயால் வீட்டுப் பெரியவர்கள் முன் ஒருமுறை சொல்லப்பட வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். பதினாலு, பதினைந்து வயதில் அந்த நோட்டு அம்மா கையிலிருந்து அவன் கைக்குப் போயாக வேண்டும். தன் நோயின் பெயர், மருந்தின் அளவு, கடைசி டோஸுக்கு முன் ரத்தத்தில் இருந்த புரதத்தின் அளவு, போட்டுக்கொள்ளக் கூடாத தடுப்பூசிகள் எல்லாம் நள்ளிரவில் தெரியாத ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் யார் கேட்டாலும் அவன் வாயிலேயே வர வேண்டும். கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் இன்னொன்றையும் பெற்றோர் அவனிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்: புரூட்டன் வகையானால், அவனுக்குப் பிறக்கும் மகன்கள் யாருக்கும் இந்த நோய் வராது, மகள்கள் எல்லோரும் அந்த மரபணுவைச் சுமப்பார்கள்.