வாயைக் கட்டும் படிப்பு

"வீட்டுக்காரரு வேலைய விட்டுட்டு சும்மா உட்கார்ந்திருக்காரு. நான் என்ன செய்யட்டும்?"

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும் நம்மவர் யாரிடமாவது ஒரு பெண் இப்படிக் கேட்டால், பதில் வர அரை நிமிடம் ஆகாது. பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொள்வார். தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன், மச்சானிடம் சொல்லி ஒரு வேலை, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பது என ஆளுக்கொரு யோசனை.

கவுன்சலிங் முதுகலை வகுப்பில் முதலில் உடைக்கப்படுவது இந்தப் பழக்கம்தான். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, எட்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தாள். மூவர் மூவராக உட்கார வைப்பார்களாம். ஒருவர் கவுன்சலர், ஒருவர் உதவி கேட்டு வந்தவர், மூன்றாமவர் குறிப்பெடுப்பவர். 20 நிமிடப் பேச்சைப் பதிவு செய்து, வீட்டுக்குப் போய் 'ம்', இருமல், மௌனம் உட்பட ஒன்று விடாமல் எழுத வேண்டும். முதல் பதிவை எழுதிப் பார்த்தபோது தான் 11 யோசனை சொல்லியிருப்பதைக் கண்டாள்.

"வந்தவங்க பேசினதைவிட நான் பேசினதுதான் அண்ணே அதிகம்" என்றாள். டீச்சர் அல்லவா!

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வந்தவரை நடுவில் வைத்தார். வழியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் வந்தவர்தான். கவுன்சலர் கூடவே இருந்தால் போதும். சொல்ல எளிது. நமக்கோ சொல்லே இடறுகிறது. கவுன்சலிங்கை நாம் 'ஆலோசனை' என்கிறோம். ஆலோசனை என்றால் யோசனை சொல்வதுதானே? எதைச் செய்யக்கூடாதோ அதையே பெயர்ப்பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தார் 'உளவளத்துணை' என்கிறார்கள். போர்க்காலத்தில், 1987இல், அங்கே தொடங்கிய 'சாந்திகம்' போன்ற அமைப்புகளில் புழங்கிய சொல். அந்தத் 'துணை'யை நாமும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

மலேசியாவில் இது சட்டத்துக்குள் வந்த தொழில். 1998ஆம் ஆண்டு கவுன்சலர்கள் சட்டத்தின்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, தொழில் செய்யும் சான்றும் பெற்றவரே கவுன்சலர் என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர் வேறு. நம்மவர்கள் மூவரையும் ஒரே கூடையில் போட்டு, அதன் மேல் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று எழுதிவிடுவார்கள். பேராக்கில் 1911இல் மனநல மருத்துவமனை திறந்த அந்த ஊரின் பெயரே நம் வாயில் வசவாகிவிட்டது. அந்த மருத்துவமனைக்கு இன்று 'பஹாகியா' என்று பெயர். மலாயில் அதற்கு 'மகிழ்ச்சி' என்று பொருள்.

வகுப்புப் பாடத்துக்குப் பிறகு உண்மையான ஆட்களோடு உட்காரும் பயிற்சி வரும். மேற்பார்வையாளர் ஒருவர் கூடவே கண்காணிப்பார். அமெரிக்காவில் இத்தகைய முதுகலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 100 மணி நேர முன்பயிற்சியும் 600 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கிறது. பினாங்கில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது: மொழிபெயர்ப்பு.

களப்பயிற்சியில் வந்தவர்களைப் பற்றி அந்தப் பெண் மூச்சு விடமாட்டாள். ரகசியம் காப்பது தொழில் நெறி. ஆகவே வகுப்பு ஒத்திகைக் கதை ஒன்றைத்தான் சொன்னாள். உதவி கேட்டு வந்தவராக நடித்த தமிழ்த் தோழி, "மனசு விட்டுப் போச்சுக்கா" என்றாள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. இவள் மலாயில் 'பூத்துஸ் ஆசா' என்று எழுதிக் கொடுத்தாள். நம்பிக்கை அறுந்துபோன நிலை என்று அதற்குப் பொருள். மேற்பார்வையாளர் உடனே சிவப்பு மையில், "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று ஏன் கேட்கவில்லை?" என்று எழுதிவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. நம்பிக்கை இழப்பு தற்கொலை அபாயத்தின் முக்கிய அறிகுறி என்பது பாலபாடம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது வெறும் பயம். நேராகக் கேட்கத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமே என்று வந்தவர் இனி வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் மனசு விட்டுப் போவது அதுதானா? மாமியார் பேச்சு கேட்டு மனசு விட்டுப்போனவள் மறுநாள் காலையில் தோசை சுடுகிறாள். அதே சொல்லைச் சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கியவளும் உண்டு. எது எது என்பது குரலில் இருக்கிறது, மலாய்ச் சொல்லில் இல்லை. தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர்கள் பயிற்சியில் இருந்தாக வேண்டும் என்று நான் சொல்வது மொழிப்பற்றினால் அல்ல.

அடுத்த தாளில் அவள் 'மனசு விட்டுப் போச்சு' என்பதை மொழிபெயர்க்கவில்லை. ரோமன் எழுத்தில் அப்படியே எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் அதை வட்டமிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு" என்றாராம். அரைமணி நேரம் அவர் வாய் திறக்கவே இல்லையாம்.