டயாலிஸிஸ் அன்று குளிர்க்காய்ச்சலா? கஷாயம் தேடாதீர்கள்!

"நிலவேம்புப் பொடி வேணும் வைத்தியரே! இவியளுக்கு டயாலிஸிஸ் அன்னைக்கு மட்டும் குளிரும் காய்ச்சலும் வருது. மறுநாள் சரியாப் போவுது, பாத்துக்கிடுங்க" என்றார் பூதப்பாண்டியிலிருந்து வந்த அந்த அக்கா. கூட வந்த கணவரின் கழுத்தில் டயாலிஸிஸ் குழாய். அதைச் சுற்றி மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசியிருந்தார்கள்!

நான் பொடி கொடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நிலவேம்பைக் குறை சொல்லவில்லை. இந்தக் காய்ச்சல் வேறு ஜாதி.

கழுத்துக் குழாயின் நுனி இதயத்தின் வாசல் வரை போகிறது. தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிக்கு இது நேர்வழி. குழாயின் உட்சுவரில் பாசி மாதிரி ஒட்டி வளரும். மெஷினை ஓட்டியதும் ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் அந்த நடுக்கம். மறுநாள் காய்ச்சல் விட்டாலும் கிருமி விட்டுப் போகாது. இதய வால்வு, முதுகெலும்பு என்று பரவி உயிருக்கே உலை வைக்கும். உடனே ரத்தத்தை 'கல்ச்சர்' பரிசோதனைக்கு எடுத்து, ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். சில சமயம் குழாயையே மாற்ற வேண்டி வரும்.

குழாய் போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள், விபூதி, பச்சிலை எதுவுமே வேண்டாம். கட்டு நனையக் கூடாது. பழையாற்றில் முங்கிக் குளித்துப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இதுதான் கஷ்டம்! குழாய் இருக்கும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். குழாயின் மூடியைத் திறக்கும்போது நர்ஸும் நீங்களும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். மூடியைக் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் என்ன கூச்சம்?

இதைவிட நல்ல வழி, கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் 'ஃபிஸ்டுலா'. 1966-ல் பிரெஷியாவும் சிமினோவும் அமெரிக்காவில் இதை வெளியிட்டார்கள். இதில் கிருமி ஏறும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஊசி குத்தும் பக்குவத்துக்கு வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். "கையில கத்தி வைக்கணுமா?" என்று தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் அவசரமாகக் கழுத்தில் குழாய் போட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சிறுநீரகம் பழுது என்று தெரிந்ததுமே டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள். இதயம் பலவீனமான சிலருக்கு இது ஒத்துவராது. அதை அவர் முடிவு செய்வார்.

ஃபிஸ்டுலா கையை டயாலிஸிஸுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் 'கிர்ர்' என்று அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பூதப்பாண்டிக்காரர் பிழைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து ஃபிஸ்டுலா கையோடு வந்தார். "இதுலயாவது கொஞ்சம் எண்ணெய் தடவலாமா வைத்தியரே?" என்றார் அக்கா. ஊசி குத்துகிற இடமாயிற்றே, கூடவே கூடாது என்றேன்.