தொளியில் இறங்கும் ஜீப்பு

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்து அருவிகளைப் பார்க்க ஊரே திரளும். அதே நாட்களில் இலஞ்சிப் பக்கம் வயல்களில் கார் பருவத்துக்கான தொளி உழவு நடக்கும். முழங்கால் சேற்றில் டிராக்டர் இறங்கி ஏறும். அதன் பின் டயரை ஒட்டி இரும்புக் கூண்டு போல ஒன்றை மாட்டியிருப்பார்கள். கேஜ் வீல் என்றால் எங்கள் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழைய ஜீப்பையோ பிக்கப்பையோ கைக்கு அடக்கமான செலவில் சேற்று வண்டியாக்க ஆசைப்படுகிறவர்கள், வாசலை விட்டு இறங்கி அந்தச் சக்கரத்தைக் கால் மணி நேரம் வரப்பில் நின்று பார்க்க வேண்டும்.

கூண்டின் பட்டைகள் துடுப்பு மாதிரி சேற்றைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே திறந்த வெளி இருப்பதால், அப்பிய களி அங்கேயே தங்காமல் அடுத்த சுற்றில் உதிர்ந்துவிடுகிறது. சக்கரம் அகலமாவதால் டிராக்டரின் பாரமும் பரவுகிறது. இந்த மூன்றும் கூடினால்தான் வண்டி சேற்றில் நகரும். இஞ்சினின் பலம் இதற்கெல்லாம் பிறகுதான்.

ஆனால் வண்டி கட்ட ஆரம்பிக்கிற இளைஞர்கள் பெரும்பாலும் இஞ்சினில்தான் கை வைக்கிறார்கள். கையிலிருக்கும் பணம் அதிலேயே கரைந்துபோகும். பிறகு சாலைக்குப் போட்ட வழுக்கை டயரோடு வயலில் இறங்கி, நாலடி போவதற்குள் புதைந்து நிற்பார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கீழிருந்து மேலாகச் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் வண்டி. 1940-ல் அமெரிக்க ராணுவம், எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் ஜீப்பு. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டன. 1947-ல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைக்கத் தொடங்கி, பிறகு பம்பாயில் பூட்டியது. அந்த வம்சத்தில் வந்தவைதான் மலையோர ஊர்களில் இன்றும் சுமையேற்றி ஓடுகிற பழைய ஜீப்புகள். ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், இடுக்கி, வாகமண் பக்கங்களில் இவற்றை வைத்துச் சேற்றுப் போட்டிகளே நடக்கின்றன.

வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்கில் குடம் போல ஓர் உருண்டை இருக்கும். முன்னாலும் அப்படி ஓர் உருண்டை ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தால்தான் அது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஜீப்பு போலவே தோற்றம் கொண்ட எத்தனையோ வண்டிகள் பின் சக்கரம் மட்டும் இழுப்பவையாகவே விற்கப்பட்டன. அடுத்து சேசிஸ். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. மொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கிறது. துருப்பிடித்த சேசிஸில் செய்கிற வேறெந்தச் செலவும் வீண். ஆர்.சி. புத்தகத்தையும் மறக்க வேண்டாம்: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இனி டயர். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆட்களோடு ஜீப்பின் எடை 1,200 கிலோ என்று வையுங்கள். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அது தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ என்று அழுத்தும். அப்படியானால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் 140, 150 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு சேர்த்து உங்கள் ஒரு கையைத் தரையில் விரித்து வைத்தால் அவ்வளவுதான் இருக்கும். அந்த நான்கு கைகளின் மேல்தான் முழு வண்டியும் நிற்கிறது. காற்றை 15 பவுண்டாக இறக்கினால் டயர் சப்பை விழுந்து நீளவாக்கில் படர்கிறது. ஒரு கை இரண்டு கையாகிறது, தரைமேல் அழுத்தம் பாதியாகிறது. காசு செலவில்லாமல் வண்டியின் குணத்தையே மாற்றுகிற வேலை இது. திரும்பத் தார் ரோட்டில் ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறிக் கிழியும், திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழன்றும் போகும். ஆகவே ஒரு காற்றுமானியும் கால்பம்பும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

அகல டயரா, ஒல்லி டயரா என்ற வாதம் டீக்கடைவரை நடக்கும். பதில் மண்ணில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொளியடித்த வயலில், சேற்றுக்குக் கீழே இறுகிப்போன ஒரு தரை உண்டு. அந்த இடத்தில் ஜீப்பின் பழைய 6.00-16 போன்ற ஒல்லியான, உயரமான டயர் மேல்சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழ்த்தரையைப் பிடித்துவிடும். அடியே காணாத குளத்துச் சேற்றில் அது மூழ்கும். அங்கே அகல டயர்தான் மிதக்கும். எதுவானாலும் டயரின் கட்டைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் களி அடைத்து, டயர் வழவழவென்ற உருளையாகிவிடும்.

அடுத்தது கியர். ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டைக் கம்பிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன் சக்கரத்தைச் சேர்ப்பதும், லோ போடுவதும் அவற்றின் வேலை. பழைய சிஜே-3பி ஜீப்பில் முதல் கியரில் இஞ்சின் சுமார் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். லோ போட்டுவிட்டால் அதே ஒரு சுற்றுக்கு இஞ்சின் 37 சுற்று சுற்ற வேண்டும். வேகம் குறைந்த அளவுக்கு இழுவை கூடுகிறது. அதனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே வண்டி ஊர்ந்து போகும். சக்கரம் சுழலாமல் உருளும்வரை வண்டி உங்கள் சொல்படி கேட்கும். சுழல ஆரம்பித்தால் அது குழிதான் தோண்டும். உடனே காலை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அது இடம் தருகிறது. ஆனால் விசையை இரு பக்கமும் சமமாகவே பங்கிடும். சேற்றில் மாட்டிய சக்கரத்துக்குச் சுழல எவ்வளவு கொஞ்சம் விசை போதுமோ, அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். டிராக்டரில் இதற்கு லாக் மிதி உண்டு, இடது வலது பிரேக்கும் தனித்தனி. ஜீப்பில் அந்த வசதி இல்லை. சுழலும்போது பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்தால், சும்மா சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கூடி, மற்றதற்கும் விசை போகும். செலவைக் குறைக்கிறேன் என்று டிஃபரன்ஷியலை உள்ளுக்குள் வெல்டிங் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சேற்றில் அது உதவும். தார் ரோட்டு வளைவில் டயரை இழுத்து, ஆக்சிலை முறித்து, வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போகும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது கூடவே கூடாது.

யாரும் கவனிக்காத ஒரு சின்ன பாகத்தைக் காட்டுகிறேன். ஹவுசிங்கின் மேல் விரல் நுனியளவு ஒரு மூடி இருக்கும். உள்ளே சூடாகும் காற்று வெளியேற வைத்த மூச்சுத்துளை அது. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கிரௌன் ஆயிலை இறக்கிப் பாருங்கள், பால் விட்ட காபி நிறத்தில் வழியும். அதன் பிறகு பேரிங்குக்கு ஆயுசு இல்லை. அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி இஞ்சின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. இஞ்சின் காற்று இழுக்கும் வாயும் உயரத்தில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

புதைந்த வண்டியை இழுக்கச் சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். பம்பரில் கயிறு கட்டாதீர்கள். கயிறு விறைத்து நிற்கும்போது அதன் பக்கம் ஆள் நிற்கவே கூடாது. அறுந்து அடித்தால் உயிர் போகும். இரண்டு தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் செருகிப் பார்த்துவிட்டு அப்புறம் கயிற்றை எடுக்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பாடியை வெட்டுவது, ராட்சத டயர் மாட்டுவது எல்லாம் ரோட்டுக்கு ஆகாது. மேலே சொன்ன காற்று, லோ கியர், மூச்சுக்குழாய் வேலைகளுக்கு வண்டியின் உருவத்தை மாற்ற வேண்டியதே இல்லை.

கடைசியாக இடம். குற்றாலத்து மலைகள் விளையாட்டுத் திடல் அல்ல. காப்புக்காடுகளும், 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயமும் அங்கே இருக்கின்றன. ஈரச் சரிவில் டயர் இழுத்த ஒரு தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும்; அந்த மண் ஓடையில் இறங்கி, சிற்றாற்றில் கலந்து, நம் குளங்களில்தான் படியும். ஆகவே அறுவடை முடிந்த சொந்த வயலில், அல்லது உடையவரிடம் கேட்டுக்கொண்டு தரிசில் வண்டியை இறக்குங்கள். வரப்பை உடைக்காமல் வெளியே வாருங்கள். தார் ரோட்டில் ஏறுமுன் டயரிலுள்ள களியைக் கழுவிவிடுங்கள். சாரல் நேரத்தில் ரோட்டில் கிடக்கும் ஒரு கட்டிச் சேறு போதும், பின்னால் வருகிற பைக்காரர் வழுக்கி விழ.