பின்னால் போன எஞ்சின்

1946. போர் ஓய்ந்த இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சர்பிட்டன் ஊரில் கார் பட்டறை வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் சும்மா இருக்கவில்லை. பழைய ஃபியட் டோப்போலினோ கார்கள் இரண்டின் முன்பாதிகளை எடுத்து, ஒன்றோடொன்று பற்றவைத்துப் பந்தயக் கார் கட்டினார்கள். 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினார்கள். பின்சக்கரங்களுக்குச் செயின் மாட்ட அதுதான் வசதி. அந்த வசதிதான் பந்தய உலகையே திருப்பிப்போட்டது! பின்னால் எஞ்சின் வைத்த கூப்பர் கார்களில் பந்தய ஓட்டுநர் ஜாக் பிராபம் 1959, 1960 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வென்றார். 1960-க்குப் பிறகு, முன்பக்க எஞ்சின் கார் எதுவும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டப் பந்தயத்தில் வென்றதில்லை.